நாலு மணிக் கட்டில்

"தினமும் நாலு மணிக்கு நான் சாகக் கிடக்கிறேன். நாலரைக்கு எழுந்து உட்கார்ந்து பாடுகிறேன். ஜனங்கள் கைதட்டுகிறார்கள். நீ கவலைப்படாதே அம்மா."

என் மகள் கமலம் கல்லாற்றிலிருந்து எழுதிய கடிதத்தில் இந்த நாலு வரிகளைத் தவிர மற்றது எதுவும் எனக்கு இப்போது நினைவில்லை. பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். தபாலை மத்தியான இடைவேளையில் பிரித்துப் படித்தேன். அடுத்த மணியில் கரும்பலகையில் நான் போட்ட கணக்குக்கு விடை வரவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். எழுதியதைப் பார்த்தேன். கணக்கே தப்பு.

கமலம் திருவனந்தபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அந்த வருஷம் விடுமுறைக்கு வீட்டுக்கு வராமல், மாணவர்கள் கூடி நடத்தும் ஒரு சேவா சங்கத்தோடு பொன்முடி மலையடிவாரத்துக்குப் போய்விட்டாள். அங்கே குளிர்காய்ச்சல் பரவிக்கிடந்தது. தேயிலைத் தோட்டத்து ஜனங்களும் ஆற்றங்கரை ஊர்க்காரர்களும் ஆஸ்பத்திரி என்றால் ஓடுவார்கள், காய்ச்சலுக்குக் கசப்புக் கொயினா மாத்திரை என்றால் துப்புவார்கள். அவர்களிடம் பாட்டும் நாடகமுமாய்ப் போவது சங்கத்தின் வேலை. எந்த ஊருக்கு எந்த நாள், யாருக்கு எந்த வேஷம், ஊர் இளவட்டங்களில் யாருக்குத் தாளம் நிற்கும், யாரைப் பாடப் பழக்கலாம் என்று பார்ப்பதெல்லாம் கமலத்தின் பொறுப்பு. நோயாளியாய்க் கட்டிலில் கிடப்பதும் அவளே.

என் கணவர் சர்வே இலாகாவில் இருந்தவர். நாலு வருஷத்துக்கு முன் மலையளக்கப் போய் இதே காய்ச்சலோடு இறங்கி வந்தார். அதற்குமேல் அதை எழுத எனக்குக் கை வராது. நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மகளைக் கையோடு கூட்டிவரக் கிளம்பினேன்.

யுத்தகாலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸெல்லாம் கரி வண்டியாகிவிட்டன. பின்னால் ஒரு பீப்பாய், அதில் கரிநெருப்பு, அதை ஊதிவிட ஒரு விசிறிச் சக்கரம். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். கிளீனர் இறங்கிச் சக்கரத்தைச் சுற்றுவான். காவல்கிணறு தாண்டியதும் வண்டி ஒரேயடியாய் நின்றது. காற்று வேறு மண்ணை வாரி முகத்தில் இறைத்தது. என் பக்கத்தில் தக்கலைக்குப் போகிற ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். எங்கே போகிறேன் என்று கேட்டாள். கல்லாறு என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தன் கொழுந்தன் அங்கே தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாய் இருந்ததாகவும், மூன்றாம் வருஷம் பெட்டி மட்டும் திரும்பி வந்ததாகவும் சொன்னாள். அதைச் சொல்லிக்கொண்டே எனக்கு ஒரு கொய்யாப்பழமும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். தின்ன முடியவில்லை.

ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் எங்களை இறக்கினார்கள். அங்கிருந்து வேறு ராஜ்யம். காசு வேறு, தபால் தலை வேறு. சேவகன் ஒருவன் என் பெட்டியைத் திறந்து பருப்புப்பொடி டப்பாவை முகர்ந்து பார்த்துத் தும்மினான். புகையிலை ஒளித்திருக்கிறேனா என்று அவனுக்குச் சந்தேகம். நான் ஒளித்து வைத்திருந்தது பயம் ஒன்றுதான். அதற்குத் தீர்வை இல்லை போலும், விட்டுவிட்டான்.

திருவனந்தபுரத்து ஆரியசாலையில் என் பெரியப்பா மகன் சிதம்பரம் அண்ணாச்சி மிளகாய் வற்றல், மல்லி மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. படியேறும்போதே தும்மல் பிடித்துக்கொள்ளும். வீட்டார் யாரும் தும்முவதில்லை, பழகிவிட்டது. குழந்தைகள் தங்களுக்குள் மலையாளத்தில் சண்டை போட்டுக்கொண்டு, என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறின. அரிசித் தட்டுப்பாடு. இலையில் சோறு ஒரு கை, மரச்சீனிக் கிழங்கு மூன்று கை. எங்கள் ஊரில் அதைப் பஞ்சத்துத் தீனி என்போம். இங்கே தேங்காயும் காந்தாரி மிளகாயும் அரைத்துத் தொட்டுக்கொண்டு, ஏதோ விருந்துபோல் சாப்பிடுகிறார்கள்.

நான் கடிதத்தைக் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஒம் மவ நாடகத்திலதானே சாகுதா. எங்கடைக்கு வாறவன் மிளகா வெலையக் கேட்டு நெசமாவே சாகுதான். பேடிக்காத கேட்டியா தங்கச்சி."

அவர் மனைவி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் விளக்கை அணைக்கும்முன் அண்ணாச்சி என்னிடம் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்து, பெட்டிக்குள் வை என்றார். பத்துக் கொயினா மாத்திரை. அந்தக் காலத்தில் அது கடையில் எங்கும் கிடைக்காத சரக்கு. எங்கே வாங்கினார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பயப்படாதே என்று சொன்னவர் இதைக் கமலத்துக்காக முன்னாடியே வாங்கி வைத்திருக்கிறார் என்பது தெரிந்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

மறுநாள் விடியலில் நெடுமங்காட்டுக்கு ஒரு கரி வண்டி, அங்கிருந்து விதுராவுக்கு இன்னொன்று. அதற்குமேல் பஸ் இல்லை. மாட்டுவண்டி பேசிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பச்சை. எங்கள் பக்கத்தில் கோடையில் இப்படி ஒரு பச்சையைப் பார்த்தால் கும்பிடுவோம். எனக்கு அன்று அது ஈரமாகவும் கொசுவாகவுமே தெரிந்தது.

கல்லாற்றுப் பாலத்தடியில் நாலைந்து கடைகள், யானை படுத்த மாதிரிப் பாறைகள், நடுவே கண்ணாடித் தண்ணீர். தங்கம்மை என்பவளின் சாயாக்கடையில் என்னை இறக்கிவிட்டான் வண்டிக்காரன். நான் கமலத்தின் தாய் என்றதும் தங்கம்மை இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மலையாளத்தில் மகளைப் புகழ ஆரம்பித்தாள். அவள் செத்துக் கிடக்கிற அழகைப் பார்க்க அக்கரையிலிருந்து ஆள் வருகிறதாம்.

அவள் சொல்லி முடிக்கும்முன் மேட்டுப்பாதையில் கட்டில் வந்தது.

கயிற்றுக் கட்டில். இரண்டு மூங்கிலில் கட்டி நாலு வாலிபர்கள் தூக்கி வந்தார்கள். மேலே சிவப்புக்கரைப் போர்வை. கொட்டு இல்லை, அறிவிப்பு இல்லை. தமுக்கடித்தால் வேலையற்றவன்தான் வருவான், கட்டில் வந்தால் எல்லாரும் வருவார்கள் என்பது கமலம் கண்டுபிடித்த வழி. முதல் வாரம் ஜனங்கள் நிஜமென்றே நம்பி அழுதிருக்கிறார்கள். நாடகம் என்று தெரிந்தபின் முன்னிலும் அதிகமாகக் கூடினார்கள். எனக்கு எல்லாம் தெரியும். கடிதத்தில் படித்திருந்தேன். இருந்தும் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

சங்கத்துத் தலைவர் பரமேஸ்வரன் சார் என்ற டிராயிங் மாஸ்டர். அவர்தான் தாய் வேஷம். சேலை கட்டி, மீசையை மழித்து, மார்பில் அடித்துக்கொண்டு கட்டிலோடு வந்தார். "இது நாடகமில்லை மக்களே, நெசம், வழி விடுங்க" என்று அவர் கத்தியதும் ஜனங்கள் சிரித்துக்கொண்டே பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். அதுதான் ஆரம்பம். தோட்டத்து ஜனங்கள் எங்கள் சீமைக்காரர்கள் என்பதால் பேச்சு பாதி தமிழ்.

கூட்டம் தாயைப் பார்த்து, "ஆசுபத்திரிக்குக் கொண்டுபோ" என்று கத்த வேண்டும். தாய் மறுக்க வேண்டும். இப்படி மூன்று முறை. நாலாவது முறை தாய் மனம் மாறிக் "கொண்டுபோறேன்" என்றதும் கூட்டம் எழுந்து கைதட்டி வழிவிடும். கட்டில் பாலம் வரை போய்த் திரும்பும். கமலம் எழுந்து உட்கார்ந்து கொயினாப் பாட்டுப் பாடுவாள்.

தாய் சொல்லும் மறுப்பு இதுதான்:

"ஆசுபத்திரி வேண்டாம். சரடு கட்டியாச்சு. விடிஞ்சா எறங்கிரும்."

அந்த வார்த்தையை எழுதியவள் கமலம். சொன்னவள் நான். என் வீட்டில், என் கணவரின் தலைமாட்டில் நின்று, படித்தவள், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்பவள், மந்திரித்த சரடு போதும் என்ற மாமியார் பேச்சைத் தட்ட மாட்டாமல் மூன்று நாள் இதையே சொன்னேன். நாலாம் நாள்தான் வண்டி கட்டினோம். அப்போது கமலத்துக்குப் பதினாறு வயது; கதவோரம் நின்றிருந்தாள். ஏன் மூன்று முறை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

போர்வைக்குள் கமலம் நடுங்கினாள். பல் கிடுகிடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஓடிப்போய்த் தொட வேண்டும் என்று ஒரு காலை எடுத்து வைத்தேன். தங்கம்மை என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். இத்தனை ஜனத்துக்கு முன்னால் பைத்தியக்காரியாக வேண்டாம் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். நடிப்புதானே. முடிவில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பாட்டில் அன்று அவள் குரல் மேலே ஏறவில்லை. கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றாள். தங்கம்மை கிழங்கும் மீன்குழம்பும் கொண்டுவந்தாள். நாங்கள் சைவம் என்று தெரிந்ததும் மீனை எடுத்துக்கொண்டு உப்பும் மிளகாயும் வைத்தாள். கமலம் தொட்டுப் பார்த்துவிட்டு இலையைத் தள்ளினாள். நாளைக்கே ஊருக்குப் போகலாம் என்று நான் ஆரம்பித்தேன்.

"இன்னும் ரெண்டு ஊரு பாக்கி இருக்கும்மா. அங்க உள்ள பிள்ளேளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தாச்சு, காத்துட்டிருக்கும். முடிச்சிட்டு வாறேன்."

நாடகத்தில் வந்த அந்தச் சரடு வரியை இருவருமே எடுக்கவில்லை. ஆற்றைத் தாண்டி ஒரு மணி நேரம் மேடேறி, சங்கத்தார் தங்கியிருந்த பழைய பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் போய்ப் படுத்தோம்.

காலையில் அவளை எழுப்பினேன். கண் திறந்தது. என்னைப் பார்த்தது. அடையாளம் தெரியவில்லை. உடம்பு அடுப்புக்கல். அண்ணாச்சியின் மாத்திரையைக் கரைத்து வாயில் விட்டேன். கடைவாய் வழியே வழிந்துவிட்டது. பரமேஸ்வரன் சார் ஒரு நிமிஷம் பார்த்தார். தேயிலை லாரி பதினொரு மணிக்குக் கல்லாற்றுப் பாலத்தைத் தாண்டும், அதை விட்டால் நாளைக்குத்தான் என்றார். அந்த மலையில் இருந்தது ஒரே கட்டில். அதே மூங்கில், அதே போர்வை, தூக்க அதே நாலு பேர்.

இறங்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காலடியில் கல் உருண்டால் கட்டில் சாயுமே என்பதுதான் பயம். பாலத்தை நெருங்கியபோது பார்த்தேன். சந்தை நாள். ஆற்றங்கரை முழுக்க ஜனம்.

யாரோ, "இன்னைக்குக் காலம்பறயே வந்துட்டாவ" என்றார்கள். கடைக்காரர்கள் சாக்கைப் போட்டு மூடிவிட்டு வந்தார்கள். முன்வரிசை பாதையிலேயே சம்மணம் போட்டது.

பரமேஸ்வரன் சார் கத்தினார்: "மக்களே, இது நாடகமில்லை, நெசம், வழி விடுங்க."

ஜனங்கள் சிரித்தார்கள்.

அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். நிஜம் என்று சொல்ல இருந்த வார்த்தையை எல்லாம் அவர்கள் நாடகத்தில் செலவழித்துவிட்டிருந்தார்கள். நான் கட்டிலுக்கு முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். என் பிள்ளை சாகிறாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன், எழுந்திருங்கள் என்று அழுதேன். ஒரு தோட்டத்துக் கிழவர் பக்கத்திலிருந்தவனிடம், "இன்னைக்கு நெசப் பொம்பளையவே பிடிச்சிட்டாவளே. வாத்தியாரைவிட நல்லா அழுதா" என்றார். பின்னாலிருந்து ஒருத்தி எனக்கு எடுத்துக் கொடுத்தாள்.

"அது கடைசீல வரும்மா. மொதல்ல வேண்டாம்னு சொல்லணும். சரடு கட்டியாச்சுன்னு சொல்லு."

மறந்துபோன நடிகைக்குச் சொல்வதுபோல் அன்பாகத்தான் சொன்னாள். நாலைந்து பேர் சேர்ந்து முணுமுணுத்தார்கள்: சரடு கட்டியாச்சு, சரடு கட்டியாச்சு. வளைவில் லாரியின் ஹாரன் கேட்டது.

பரமேஸ்வரன் சார் கட்டில் காலைப் பிடித்தபடி என் பக்கம் குனிந்தார். "டீச்சர், இவங்களோட வாதாடி ஜெயிக்க நேரமில்லா. சொல்லிடுங்க. மூணு தடவை. சொன்னா வழி விடும்."

நான் அவரைப் பார்த்தேன். கட்டிலைப் பார்த்தேன்.

"ஆசுபத்திரிக்குக் கொண்டுபோ" என்று கூட்டம் கத்தியது.

"ஆசுபத்திரி வேண்டாம்" என்றேன். "சரடு கட்டியாச்சு. விடிஞ்சா எறங்கிரும்."

இரண்டாவது முறையும் கத்தினார்கள். இரண்டாவது முறையும் சொன்னேன். மூன்றாவதில் எனக்குக் குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. அதுவே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. சந்தை முழுக்க அமைதியாகிவிட்டது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நாலாவது முறை, "கொண்டுபோறேன்" என்றேன். ஜனங்கள் எழுந்து கைதட்டி வழிவிட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே ஓடினோம். தங்கம்மை கடையிலிருந்து இறங்கி வந்து, செல்லமாகக் கமலத்தின் கன்னத்தைத் தட்டப் போனாள். பட்ட கையை உதறினாள். அவள் சிரிப்பு நின்றதை நான் கண்டேன்.

"பொள்ளுந்நு" என்றாள். சுடுகிறது என்று அர்த்தம். உடனே முன்மூங்கிலில் தோள் கொடுத்து ஓடினாள். லாரிக்காரனும் நாடகம் பார்த்தவன்தான். என் வண்டியிலுமா உங்கள் விளையாட்டு என்று சிரித்தான். தங்கம்மை அவன் கையைப் பிடித்து இழுத்துக் கமலத்தின் நெற்றியில் வைத்தாள். தேயிலைப் பெட்டிகளை ஓரம் தள்ளி இடம் செய்தான். திருவனந்தபுரம் வரை அவன் எங்கும் நிறுத்தவில்லை. வளைவுகளில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நானும் தங்கம்மையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். ஊசி போட்டார்கள். டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றே: கொயினா ஊர் ஊராய்க் கொடுத்தவள், தான் ஏன் சாப்பிடவில்லை? அண்ணாச்சி தினமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து, மிளகாய் நெடியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஒரு கேலியும் பேசவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கமலம் தண்ணீர் கேட்டாள். என்னை அம்மா என்றாள். நான் அதே கேள்வியைக் கேட்டேன்.

"கொயினா தின்னா காது இரையுதும்மா. ஙொய்ங்னு வண்டு மாதிரி. சுருதி பிடிக்க முடியல. நான் தப்பாப் பாடுனா எனக்குப் பின்னால பாடுத பிள்ளேள் எல்லாம் தப்பாப் பாடும். அதான், முடிஞ்சபொறவு தின்னுக்கலாம்னு…"

நான் இன்னொரு வாய் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கூரையைப் பார்த்தாள்.

"ஆத்தங்கரையில நீ சொன்னது கேட்டுச்சும்மா. எங்கயோ கெணத்துக்குள்ள இருந்து கேக்குத மாதிரி. அப்பாவுக்குத்தான் சொல்லுதேன்னு நெனச்சேன்." பிறகு, "அந்த வரிய மாத்திடுதேன்" என்றாள்.

"மாத்தாத" என்றேன். "சனத்துக்கு மனப்பாடமா இருக்கு."

பாளையங்கோட்டைக்கு அவளை இரண்டு மாதம் கூட்டிவந்து வைத்திருந்தேன். பிறகு அவள் திரும்பிப் போய்விட்டாள். சங்கத்தில் இப்போது கட்டில் வருமுன் கொட்டு அடிக்கிறார்களாம். கொட்டில்லாமல் ஒரு கட்டில் வந்தால், யாராவது ஒருவர் எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தங்கம்மை சந்தையில் ஏற்பாடு செய்திருக்கிறாளாம். பரமேஸ்வரன் சார் எழுதியிருந்தார்.

பள்ளிக்கூட விழாக்களில் நான் இப்போது கடைசி வரிசையில் வாசலோரம் உட்காருகிறேன். கைதட்டல் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். தலைவலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல்லாற்று ஜனங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அதற்கு முந்தின நாள் அவள் நிஜமாகவே நடுங்கியபோது, அவர்களோடு உட்கார்ந்து நானும்தானே தட்டினேன்.

வாரம் ஒரு கடிதம் வருகிறது. உறையைப் பிரித்ததும் முதல் வரியைப் பார்ப்பேன். "காது இரையுது அம்மா" என்று இருக்க வேண்டும். இருந்தால்தான் உட்கார்ந்து இரண்டாவது வரியைப் படிக்கிறேன்.